அடங்காத தோல்

மாசி மாதம் பெரியகாண்டியம்மன் திருவிழா வந்துவிட்டால், மணப்பாறையை அடுத்த வீரப்பூர் வட்டாரத்தின் இரவுகள் எல்லாம் பொன்னர் சங்கர் கதைக்குத்தான். பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் பிறந்து வளர்ந்தது, வேட்டுவரோடு மூண்ட பகை, கொம்பன் என்ற காட்டுப்பன்றி, கடைசியில் அண்ணன்கள் மாண்டு கிடக்கும் படுகளத்துக்குத் தங்கை அருக்காணித் தங்காள் அழுதபடி வந்து சேர்வது என்று கதை நீண்டுகொண்டே போகும். பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1965-ல் காங்கேயம் பக்கம் இதை ஒலிப்பதிவு செய்தபோது, பாடி முடிக்கப் பல இரவுகள் ஆயின. அத்தனை பெரிய கதைக்கு வேண்டியதெல்லாம் முன்பாட்டுக்கு ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர், கையடக்கமாக ஓர் உடுக்கை. பேய் பிசாசும் தெய்வமும் நடமாடும் கதைகளுக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் உடுக்கைதான் துணை. ஏன் அது? மிருதங்கம் ஏன் இல்லை?

கருவியைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். இடுப்பு சிறுத்த கட்டை, சில ஊர்களில் பித்தளை. இரண்டு முகங்களிலும் மெல்லிய தோல். இரு தோல்களையும் இழுத்துக் கட்டிய கயிறுகள் இடுப்பைச் சுற்றி ஓடுகின்றன. இடக்கை அந்தக் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்க, வலக்கை விரல்கள் தட்டும். பிடியை இறுக்கினால் தோல் இறுகும், ஒலி மேலே ஏறும். தளர்த்தினால் கீழே சரியும். ஒலியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது ஒலியை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோக, இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். ஒரு ஸ்தாயி வேண்டாம், ஒலி சற்றே வழுக்கி ஏறினாலே அது ஒரு விம்மலைப் போலக் கேட்கிறது. தங்காள் புலம்பும் இடத்தில் பாடகரின் தொண்டையும் இடக்கையும் சேர்ந்தே இறுகும்.

இனி உள்ளே போவோம். வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வுகளும் கூடவே எழும். முழு எண் விகிதம் என்பதால் காது அவற்றை ஒரே சுரமாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோல் அப்படி அதிர்வதில்லை. அதன் மேலதிர்வுகள் அடிப்படையைப்போல் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 மடங்கு என்று தாறுமாறாக விழும். எந்த எண்ணும் மற்றொன்றோடு ஒத்துப்போகாது. இன்ன சுரம் என்று காதால் முடிவுகட்ட முடியாத ஒலி இது.

மிருதங்கத்தில் இந்தத் தோலைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். வலந்தலை என்ற வலப்பக்க முகத்தின் நடுவில் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கருஞ்சோறு என்ற கரும்பசை தோலுக்குக் கனம் கூட்டி, மேலதிர்வுகளை முழு எண்களை நோக்கித் தள்ளுகிறது. இதை அறிவியலாக விளக்கியவர் சர் சி.வி.ராமன். ஸ்ரீரங்கத்தை ஒட்டிய திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, தட்டும்போது அந்த மணல் எங்கெங்கே கோடாக ஒதுங்குகிறது என்று பார்த்தார். மணல் நிற்கும் இடத்தில் தோல் அசையவில்லை என்று அர்த்தம். ஒன்பது வகை அதிர்வுகள் சோற்றின் கனத்தால் ஐந்து ஒத்திசைந்த சுரங்களாகக் கூடுவதை 1934-ல் எழுதிய கட்டுரையில் காட்டினார். கையால் சோறு ஏற்றிய நம் கைவினைஞர்கள் எத்தனை நுட்பமான காரியத்தைச் செய்துவந்தார்கள் என்று உலகம் தெரிந்துகொண்டது இந்த ஆராய்ச்சியால்தான்.

உடுக்கைக்குச் சோறு கிடையாது. அது பழக்கப்படாத தோல். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அடிப்படை அதிர்வு விநாடிக்கு 200 என்று வைத்துக்கொண்டால், 2.14, 2.30 மடங்கு அதிர்வுகள் சுமார் 428, 460 என்று வரும். இவை ஒன்றோடொன்று மோதும்போது ஒலி விநாடிக்கு 32 தடவை பெருத்துச் சிறுத்துச் சொரசொரக்கும். மனிதர்கள் அலறும் ஒலியை ஆராய்ந்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. அலறலில் ஒலியின் அளவு விநாடிக்கு 30 முதல் 150 தடவை வரை துடிக்கிறது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியை அது தூண்டுகிறது என்றார்கள். சாதாரணப் பேச்சின் ஏற்றத்தாழ்வு இதைவிட மிக மெதுவானது. அமெரிக்காவில் டேனியல் புளூம்ஸ்டீன் என்பவர் மார்மட் என்ற அணிலினத்தின் எச்சரிக்கைக் குரலை ஆராய்ந்தவர். பிற்பாடு திரைப்பட இசையையும் ஆராய்ந்து, திகில் படங்களில் இதைப் போன்ற கரகரப்பு தேடிச் சேர்க்கப்படுவதைக் கண்டார். உடுக்கையின் ஒவ்வொரு அடியும் கணநேரம்தான் நீடிக்கும். ஆனால் நடுநிசியில் அது விடாமல் கேட்கும்போது, கதையைப் புரிந்துகொள்ளும் முன்பே உடம்பு சிலிர்ப்பதற்கு இந்தச் சொரசொரப்புக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். சோறு ஏற்றும் வித்தை தெரிந்த தமிழ் நாட்டில் உடுக்கையை வெறுந்தோலாகவே விட்டுவைத்தது அறியாமை ஆகாது. கதைக்கு வேண்டிய ஒலி அதுதான்.

இரவுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாசியில் மணப்பாறைப் பக்கம் வானம் தெளிந்திருக்கும். பகலில் காய்ந்த நிலம் சூரியன் மறைந்ததும் விறுவிறுவென்று குளிரும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால் மேல்நோக்கிக் கிளம்பிய ஒலியும் வளைந்து தரைக்கே திரும்புகிறது. அடுத்த ஊர் உடுக்கை நம் வாசலில் கேட்பது இப்படித்தான்.

இனி காவிரி ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போவோம். மார்கழி வைகுண்ட ஏகாதசித் திருநாளின் பகல்பத்தில், ஸ்ரீரங்கம் அர்ச்சுன மண்டபத்தில் உயர்ந்த குல்லாய் அணிந்த அரையர்கள் பாசுரங்களை இசைத்து, பொருள் சொல்லி, அபிநயமும் பிடிப்பார்கள். தோல்கருவியே கிடையாது, கையில் தாளம் மட்டும். ஆனால் உலோகத் தாளமும் வெறுந்தோலின் உறவுக்காரன்தான். அதன் மேலதிர்வுகளும் முழு எண்ணுக்குள் அடங்காதவை. இரண்டு தாளங்களுக்கும் இடையே சுருதி இம்மி விலகினாலும் ஒலி நடுங்கியபடியே அடங்கும். அதே கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம். கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியபோது இரணியன் வதைப் படலம் கூடாது என்று பண்டிதர்கள் மறுக்க, மேட்டழகியசிங்கர் என்ற நரசிம்மர் கர்ஜித்துத் தலையசைத்தார் என்பது ஐதீகம். கேட்கிறவர் தலையாட்டினால்தான் கதை ஏறும் என்பதை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சிங்கத்தை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தலையாட்டலை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2021-ல் வந்த ஓர் ஆய்வில், ஜூல் வெர்னின் கடலடிப் பயணக் கதையின் பகுதிகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒலியாகக் கேட்கவைத்து இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் கதையின் அதே இடங்களில் எல்லோருடைய துடிப்பும் ஒன்றுபோலக் கூடிக் குறைந்தது. மூச்சு அப்படி ஒத்துப்போகவில்லை. கேட்பவர்களின் கவனத்தை வேறெங்காவது திருப்பியதும் இதயத்துடிப்பின் இந்த ஒற்றுமை குறைந்தது. யாருடைய துடிப்பு மற்றவர்களோடு ஒத்திருந்ததோ, அவர்களுக்குத்தான் கதையும் நன்றாக நினைவில் நின்றது.

இதைப் படித்த பிறகு பின்பாட்டுக்காரரை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். முன்பாட்டுக்காரர் விட்ட அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார், ‘ஆமா’ போடுவார், ‘அப்புறம்?’ என்று கேட்பார். விடியும்வரை உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் கவனம் நழுவும்போதெல்லாம் இழுத்துக் கட்டுவது இவர்தான். தங்காள் தண்ணீர் தெளித்து அண்ணன்மாரை எழுப்பும் கட்டத்துக்கு ஊர் மொத்தமும் விழித்திருக்க வேண்டும். ஏனென்றால் திருவிழாவில் நிகழ்த்திக் காட்டும் படுகளத்தில் அருள் வந்து விழுந்து, வெள்ளைத் துணி போர்த்திக் கிடப்பவர்களில் ஊர்க்காரர்கள் வீட்டு ஆட்களும் இருப்பார்கள்.