கைக்கு ஒரு வேலை: மரக்கிளையில் கோப்பை வட்டு

பக்கவாதத்திற்குப் பின் வீடு திரும்புவோர் பலர், "இந்தக் கையால் இனி என்ன பயன்?" என்று கேட்பதுண்டு. பயிற்சிப் பந்தை அழுத்துவது விரைவில் சலித்துவிடுகிறது. கண்முன் ஒரு பொருள் உருவாகுமானால் அதே கை ஆர்வத்துடன் உழைக்கிறது. அதற்கேற்ற எளிய வேலை, காபித் தம்ளரின் கீழ் வைக்கும் மரவட்டு.

நிழலில் நன்கு உலர்ந்த வேம்பு அல்லது மாமரக் கிளையைத் தச்சரிடம் கொடுத்து, 10 செ.மீ. அகலமும் 1.5 செ.மீ. தடிமனும் உள்ள வட்டுகளாக அறுத்து வாங்குங்கள். பச்சை மரம் உலரும்போது சுருங்கி வெடிக்கும். அரளி போன்ற நச்சு மரம் கூடாது. பட்டையை நீக்க வேண்டியதில்லை, அழகே அதுதான்.

வழுக்காத விரிப்பில் வட்டை வைத்து, 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் இவ்வரிசையில் தேய்க்க வேண்டும். உப்புத்தாளைச் சிறு கட்டையில் சுற்றிக்கொண்டு, நலிந்த கையின் மேல் மற்றக் கையை வைத்துத் தேய்க்கலாம். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஓய்வு தேவை. தோள் வலித்தால் நிறுத்திவிடுங்கள். இறுதியில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி உலரவிடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

ஆஸ்துமா உள்ளோர் மரத்தூளைத் தவிர்க்க வேண்டும். மற்றோருக்கும் முகக்கவசம் அவசியம். இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர் அரத்தையோ வாளையோ தொட வேண்டா. உணர்ச்சி குன்றிய விரல்களில் சிலாம்பு ஏறியுள்ளதா என்று வேலை முடிந்ததும் பாருங்கள்.

ஒரு வட்டுக்கு ஒரு வாரம் ஆகலாம். அருகிலிருப்போர் பொறுமையிழந்து அதைத் தாமே முடித்துவிட வேண்டா. முதல் தம்ளரை அதன்மேல் வைப்பது, செய்தவரின் கையாகவே இருக்கட்டும்.