வெல்டிங் பட்டறைக்குள் ரோபோ... யாருடைய வேலை போகும், யாருக்கு வேலை கூடும்?

"அந்த வெளிச்சத்தைப் பார்க்காதே, கண்ணு போயிடும்!" - தெருமுனை கிரில் பட்டறையைக் கடக்கும்போது இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம் ஊரில் குறைவு. அந்த வெளிச்சத்தை நாள் முழுக்கப் பார்த்துதான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. வீட்டு கேட் முதல் அனல்மின் நிலையக் கொதிகலன் வரை, இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைக்கும் தொழிலுக்கு ஃபேப்ரிகேஷன் என்று பெயர். இந்தத் தொழிலுக்குள் இப்போது ரோபோ நுழைந்துகொண்டிருக்கிறது.

ரோபோ ஒன்றும் புதுசு இல்லை. 1961-லேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 'யூனிமேட்' என்ற இயந்திரக் கை வேலைக்குச் சேர்ந்துவிட்டது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகளில் கார் பாடிக்கு வெல்டிங் வைப்பது ரோபோக்கள்தான். கார் ஆலையில் ஒரே பாகம் ஆயிரக்கணக்கில் வரும். பட்டறையில் அப்படி இல்லை. இன்று பத்து பிராக்கெட், நாளை நான்கு டேங்க், மறுநாள் ஒரு படிக்கட்டு. அதனால்தான் ரோபோ இங்கே வர இத்தனை காலமானது.

திருச்சி சொல்லும் பாடம்

தமிழகத்தில் ஃபேப்ரிகேஷன் என்றாலே திருச்சிதான் ஞாபகத்துக்கு வரும். 1960-களில் அங்கே 'பெல்' எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை தொடங்கியது. அதை நம்பி துவாக்குடி சுற்றுவட்டாரத்தில் ஏராளமான சிறு ஆலைகள் முளைத்தன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது அந்தச் சிறு ஆலைகள் ஆட்டம் கண்டன. வெளி ஆர்டர்களைத் தேடவேண்டிய கட்டாயம் வந்தது. புது வாடிக்கையாளர்கள் கேட்பது இரண்டுதான்: நூறு பீஸும் ஒரே அளவில் இருக்க வேண்டும், சொன்ன தேதியில் வர வேண்டும். மெஷினை நோக்கிச் சிறு ஆலைகளைத் தள்ளுவது இந்த இரண்டும்தான்.

முதலில் வெட்டு, கடைசியில் வெல்டிங்

பெரும்பாலும் முதலில் மாறுவது கட்டிங். மூலைமட்டம் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, கேஸ் கட்டரால் வெட்டி, ஓரத்தை கிரைண்டிங் செய்வது பழைய முறை. ஃபைபர் லேசர் மெஷினில், கம்ப்யூட்டரில் வரைந்த படமே கோடு. ஒரு தகட்டில் எத்தனை பாகங்களை நெருக்கி அடுக்கலாம் என்று அதுவே கணக்குப் போடும், ஸ்கிராப் குறையும். எல்லாப் பட்டறையும் இதை வாங்க வேண்டியதில்லை. லேசர் வைத்திருக்கும் இடத்தில் கூலிக்கு வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பெண்டிங். வளைத்த தகடு, அழுத்தத்தை எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். அதை அனுபவத்தில் கணித்தவர் பழைய மேஸ்திரி. சி.என்.சி. மெஷின் அதைக் கணக்கில் பிடிக்கிறது.

வெல்டிங் ரோபோ கடைசியில்தான் வருகிறது. காரணம், சாதாரண வெல்டிங் ரோபோவுக்குக் கண் கிடையாது. சொல்லிக்கொடுத்த பாதையில் மட்டும் போகும். பாகம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால்கூட வெல்டிங் இடம் மாறி விழலாம். மனிதன் பார்த்துச் சமாளிப்பான்; ரோபோ சமாளிக்காது. எனவே வெட்டும் வளைவும் சுத்தமாக இல்லாத பட்டறையில் ரோபோ வாங்கினால், அது மூலையில் தூசி படிந்து நிற்கும், இ.எம்.ஐ. மட்டும் நிற்காமல் ஓடும்.

கைப்பிடித்துக் கற்றுக்கொடுக்கலாம்

சிறு பட்டறைகளுக்குத் தோதாக வந்திருப்பது 'கோபாட்'. மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் சின்ன ரோபோ இது. குழந்தைக்கு 'அ' எழுதப் பழக்குவதுபோல, வெல்டர் அதன் கையைப் பிடித்து, எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று நகர்த்திக் காட்டினால் போதும். வேகம், கரன்ட், டார்ச் சாய்வு எவ்வளவு என்பதையெல்லாம் வெல்டிங் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். நல்ல வெல்டர் இங்கே ரோபோவுக்கு வாத்தியார்!

அப்படியானால் யாருக்கும் வேலை போகாதா? போகும். கோடு போடுபவர், தகடு பிடிக்கும் ஹெல்பர், நாள் முழுக்க கிரைண்டிங் செய்பவர் ஆகியோரின் வேலைதான் முதலில் குறையும். தொழில் கற்றுக்கொள்ள முதல் படியே அந்த ஹெல்பர் வேலைதான். அந்தப் படி உடைந்தால் நாளைய வெல்டர் எங்கிருந்து வருவார் என்று முதலாளிகளும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெல்டிங் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வகைப்படுத்தியது. டேங்குக்குள் குனிந்து, மூச்சு முட்டச் செய்யும் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டால் நல்லதுதானே?

பிள்ளைகளை ஐ.டி.ஐ-யில் சேர்க்கும் பெற்றோருக்கு...

வெல்டர் படிப்பு வீண் இல்லை. ஆனால், வெல்டிங் மட்டும் போதாது. டிராயிங் படிக்க, மிக், டிக் இரண்டும் செய்ய, ரோபோவுக்கு புரோகிராம் போடத் தெரிந்தால் மதிப்பு கூடும். தமிழக அரசு, டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ-களை நவீன தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறது. அங்கே ரோபோட்டிக்ஸ் சார்ந்த பிரிவும் உண்டு. 1975-ல் தொடங்கிய திருச்சி வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சி தருகிறது. சேர்க்கைக்குப் போகும்போது, "ரோபோ லேப் இருக்கா? பையன் கையால் தொட்டு ஓட்ட விடுவீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேளுங்கள். கனமான தகட்டை மெஷின் தூக்கும் காலத்தில் இது ஆண்கள் தொழில் என்று ஒதுக்கிவைக்கக் காரணமே இல்லை!