கைகளுக்கும் உண்டு நாகரிகம்

பயணம் புறப்படுவோர் உடை, மருந்து, பணம் என எல்லாவற்றையும் மறவாமல் எடுத்துவைக்கின்றனர். சென்ற இடத்தில் கைகளை எவ்வாறு பயன்படுத்துவது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

நாம் பாராட்டாகக் கருதும் கட்டைவிரல் உயர்த்தல், ஈரானில் மரபுவழியில் வசையாகும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாக இணைத்துக் காட்டுவது பிரேசிலில் ஆபாசம். ஒற்றை விரலை மடக்கி ஒருவரை அழைப்பது பிலிப்பின்ஸில் அவமதிப்பு. ஜப்பானில் அறிமுக அட்டையை இரு கைகளாலும் தந்து, இரு கைகளாலும் பெறுவதே முறை.

இவை வெளிநாடு செல்வோருக்கு மட்டுமான பாடங்கள் அல்ல. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் செல்வோருக்கும் பொருந்தும். மேகம், பெரியார் அருவிகளைக் காணச் செல்லும் சமவெளி மக்களில் சிலர், அங்குள்ள பழங்குடி முதியவரை விரல் சொடுக்கி அழைப்பதும், வாங்கிய பொருளுக்கான பணத்தை இடக்கையால் நீட்டுவதும் உண்டு. தம் வீட்டுப் பெரியவரிடம் இவ்வாறு நடந்துகொள்ள அவர்கள் துணிவார்களா?

1976-இல் அரசு பொறுப்பேற்கும் வரை அம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலையாளி எனப்படும் அப்பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நாடு முழுமைக்கும் வந்ததும் அதே ஆண்டில்தான். அந்நாள்களில் கைகட்டி நின்றவர்களின் பிள்ளைகளும் பேரன், பேத்திகளுமே இன்று நம்மை எதிர்கொள்கின்றனர். ஆகவே, சமவெளியில் சிறு கவனக்குறைவாகத் தோன்றும் ஒரு கையசைவு, அங்கே பழைய ஏற்றத்தாழ்வை நினைவூட்டக்கூடும்.

விற்பவரும் வாங்குபவரும் தத்தம் விருப்பத்தின்பேரில் செய்துகொள்ளும் பரிமாற்றமே சந்தை என்கிறது பொருளியல். பணத்தை வீசி எறிபவர் உரிய விலையைத் தந்திருக்கலாம். உரிய மதிப்பைத் தரவில்லை. கைகூப்புதலும் அத்தகையதே. ஒருவர் மட்டும் கூப்பினால் அது பணிவு. இருவரும் கூப்பினால்தான் வணக்கம்.

பின்பற்ற வேண்டியவை எளியவை. வணங்கியவரைத் திரும்ப வணங்க வேண்டும். வலக்கையால் அல்லது இரு கைகளாலும் கொடுத்து வாங்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளோருக்கும் இரு கைகள் என்பது நல்ல வழி. ஆளைச் சுட்டும்போது விரலை நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டலாம். ஐயம் எழுந்தால், அவ்வூர்ப் பெரியவர்கள் தமக்குள் எவ்வாறு பழகுகின்றனர் என்பதைக் கவனித்தாலே போதும்.

இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. சுற்றுலாவால் மலைக்கு வருவாய் வந்தால் மட்டும் போதாது; மலைமக்களுக்கு மரியாதையும் வந்து சேர வேண்டும்.