உணவகத்தில் நாய்: எல்லை வாசற்படியிலா, அடுக்களைக் கதவிலா?

வளர்ப்பு நாயை உணவகத்துக்குள் அனுமதிக்கலாமா என்னும் கேள்வி மேலைநாடுகளில் கடந்த இருபது ஆண்டுகளாகச் சட்டமன்றங்கள் வரை சென்று விவாதிக்கப்பட்டு வருகிறது. பெரும்பாலும் இது தூய்மை பற்றிய வழக்காகவே பேசப்படுகிறது. நாயை விரும்பாதவர் அதன் உமிழ்நீரையும் உரோமத்தையும் சுட்டிக்காட்ட, நாயை வளர்ப்பவர் தம் நாய் மனிதர் பலரைக் காட்டிலும் தூய்மையானது என்று மறுமொழி கூறுகிறார். இவ்விரு தரப்பும் பேசாமல் விடும் செய்தி ஒன்று உண்டு: ஒரே கூரையின்கீழ்ப் பணம் கொடுத்து உண்போர், சம்பளத்துக்குப் பரிமாறுவோர், நாயின் துணையின்றி நடமாட இயலாதோர் ஆகியோருள் யாருடைய உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வகுப்பதற்கே இத்துறைச் சட்டங்கள் தம் சொற்களில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கின்றன.

அச்சட்டங்களை இரு மரபுகளாகப் பிரிக்கலாம். ஒன்று எல்லைக்கோட்டை உணவகத்தின் வாசற்படியில் போடுகிறது; மற்றொன்று அடுக்களைக் கதவில் போடுகிறது. முதல் மரபு அமெரிக்காவுக்கு உரியது. அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1993 முதல் 'உணவு விதித்தொகுப்பு' என்னும் மாதிரி ஆவணம் ஒன்றை வெளியிட்டு வருகிறது. அது தானாகச் சட்டமாவதில்லை, மாநிலங்களும் உள்ளாட்சிகளும் அதனை முழுமையாகவோ மாற்றங்களுடனோ ஏற்றுக்கொள்ளும்போதே சட்டத்தின் வலிமையைப் பெறுகிறது. உயிருள்ள விலங்கு எதுவும் உணவு நிறுவனத்தின் வளாகத்தில் இருத்தலாகாது என்பது அதன் பொதுவிதி. தொட்டியில் விடப்பட்ட மீன், காவல்துறையின் ரோந்து நாய், மாற்றுத்திறனாளிக்கு உதவும் சேவை நாய் போன்ற சிலவே அதற்கு விலக்குகள். ஃபுளோரிடா 2006இல் உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டுச் சோதனை முறையிலும், கலிஃபோர்னியா 2015 தொடக்கத்தில் மாநிலம் முழுவதற்குமாகவும் திறந்தவெளி உணவுப்பகுதிகளில் வளர்ப்பு நாய்க்கு இடமளித்தன. நியூயார்க் மாநிலமும் 2015இலேயே அவ்வழியில் சட்டம் இயற்றியது. மாதிரி விதித்தொகுப்போ 2022ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், உரிய அதிகாரியின் ஒப்புதல் இருந்தால் திறந்தவெளியில் நாயை அனுமதிக்கலாம் என்று இசைந்தது. வழிகாட்ட வேண்டிய ஆவணம் இவ்விஷயத்தில் மாநிலங்களின் பின்னால் நடந்து வந்திருக்கிறது.

இரண்டாம் மரபு ஐரோப்பாவினுடையது. உணவுச் சுகாதாரம் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இயற்றி 2006 முதல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குமுறை, உணவு தயாரிக்கப்படும், கையாளப்படும், சேமித்து வைக்கப்படும் இடங்களுக்குள் வீட்டு விலங்குகள் செல்லாதவாறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. விருந்தினர் அமர்ந்து உண்ணும் கூடத்தைப் பற்றி அத்தகைய தடை எதனையும் அது விதிக்கவில்லை. ஆகவே, கூடத்துக்குள் நாயை விடுவதா வேண்டாமா என்பதைத் தனித்தனி நாடுகளின் வழக்கமும் உணவக உரிமையாளரின் விருப்பமும் முடிவு செய்கின்றன. பாரிஸ் நகரச் சிற்றுணவகத்தில் மேசைக்கடியில் நாய் சுருண்டு படுத்திருப்பதும், இங்கிலாந்தின் கிராமப்புற மதுவிடுதியில் நாய்க்கென வாசலருகே தண்ணீர்க் கிண்ணம் வைக்கப்பட்டிருப்பதும் அங்குள்ளோருக்கு வியப்பூட்டுவதில்லை.

நோய் பரவும் வழிகளை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், அடுக்களைக் கதவில் போடப்பட்ட கோடே அறிவியலுக்கு நெருக்கமானது என்று சொல்ல வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையங்களின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4.8 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், உணவின் வழியே வரும் நோயால் பாதிக்கப்படுகின்றனர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் அவற்றுக்கான காரணிகளில் முதலிடம் வகிக்கிறது. அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது, குறிப்பாக, நோயுற்ற நிலையிலும் விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்து கையைச் சரியாகக் கழுவாமல் உணவைத் தொடும் பணியாளர் வழியே பரவுவது. மேசைக்கடியில் கிடக்கும் நாயைக் கண்டு முகஞ்சுளிக்கும் விருந்தினர், அடுக்களையில் கைகழுவும் தொட்டியருகே சோப்பு இருக்கிறதா என்று கேட்பது அரிது.

இதனால் நாய் முற்றிலும் தீங்கற்றது என்று ஆகிவிடாது. நலமாகத் தோன்றும் நாயின் குடலிலும் கேம்பிலோபாக்டர், சால்மோனெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். இவை மனிதருக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குபவை. 2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் பல மாநிலங்களில், செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்பட்ட நாய்க்குட்டிகள் வழியே, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கேம்பிலோபாக்டர் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. அக்கடைகளில் வேலை பார்த்தவர்களும் அவர்களுள் இருந்தனர். நாய்க்குச் சமைக்காத இறைச்சியை ஊட்டும் புதிய மோகமும் கவனிக்கத்தக்கது: உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 முதல் ஈராண்டுகள் நடத்திய ஆய்வில், பச்சை இறைச்சியாலான நாய், பூனை உணவு மாதிரிகள் 196இல் 15 மாதிரிகளில் சால்மோனெல்லாவும் 32 மாதிரிகளில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் காணப்பட்டன. மறுபுறம், நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவான டாக்சோகாரா பற்றிய அச்சம் உணவகத்தைப் பொறுத்தவரை மிகையானது. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் தொற்றும் ஆற்றலைப் பெறுவதற்கு மண்ணில் சில வாரங்கள் கிடக்க வேண்டியிருப்பதால், அசுத்தத்தை உடனே அகற்றினாலே அவ்வழி அடைபட்டுவிடும். நாயிடமிருந்து கைக்கும் கையிலிருந்து உணவுக்கும் செல்லும் பாதையே உண்மையான ஆபத்து. அதனைத் துண்டிக்கச் சோப்பும் தண்ணீரும் போதும்.

சோப்பால் தீராதது ஒவ்வாமை. நாயின் உமிழ்நீரிலும் தோற்செதில்களிலும் உள்ள சில புரதங்கள், அவற்றுள் 'கேன் எஃப் 1' எனப்படுவது முதன்மையானது, நுண்துகள்களாகக் காற்றில் மிதந்தும் ஆடையிலும் இருக்கைத் துணியிலும் ஒட்டிக்கொண்டும், நாய் வெளியேறிய பின்னும் நெடுநேரம் அவ்விடத்தில் தங்கக்கூடியவை. ஆஸ்துமா உள்ள ஒருவர் குளிரூட்டப்பட்ட, சாளரங்கள் மூடிய கூடத்தில் இதனால் மூச்சுத்திணறலுக்கு ஆளாகலாம். திறந்தவெளியிலோ காற்றே அதனைக் கலைத்துவிடும். உள்ளே கூடாது, வெளியே ஆகலாம் என்று அமெரிக்க மாநிலங்கள் கண்டடைந்த சமரசத்துக்கு, சட்டம் இயற்றியோர் எண்ணினாரோ இல்லையோ, வலுவான மருத்துவ நியாயம் இதுதான்.

உள்ளேயும் செல்லும் உரிமை பெற்ற நாய் ஒன்று உண்டு. அந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. முதல் உலகப்போரில் பார்வையிழந்த ஜெர்மானிய வீரர்களுக்கு வழிகாட்ட நாய்கள் பழக்கப்படுவது பற்றி, சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பயிற்றுவித்து வந்த அமெரிக்கரான டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் 1927 நவம்பரில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதனைப் பிறர் படிக்கக் கேட்ட நாஷ்வில் நகரத்துப் பார்வையற்ற இளைஞர் மாரிஸ் ஃபிராங்க் சுவிட்சர்லாந்து சென்று பயிற்சி பெற்று, 1928இல் 'பட்டி' என்னும் நாயோடு திரும்பினார். மறு ஆண்டில் யூஸ்டிஸ், ஃபிராங்க் இருவரின் முயற்சியால் 'தி சீயிங் ஐ' என்னும் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதன்பின் ஃபிராங்க் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை, தொடர்வண்டி, விடுதி, உணவகம் என ஒவ்வொரு வாசலிலும் நாயோடு நுழையும் உரிமைக்காக வாதாடுவதில் கழித்தார். 1990இல் நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவ்வுரிமையை நாடு முழுவதற்குமான பொது நெறியாக்கியது.

அச்சட்டத்தின் கீழ் 2011 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, சேவை விலங்கு என்பது மாற்றுத்திறனாளி ஒருவருக்காகக் குறிப்பிட்ட பணியைச் செய்யத் தனியே பயிற்றுவிக்கப்பட்ட நாய். பார்வையற்றோரை நடத்திச் செல்வது, செவித்திறன் அற்றோருக்கு ஒலியை உணர்த்துவது, வலிப்பு நோயாளியைக் காப்பது போன்றவை அப்பணிகளுள் அடங்கும். உடனிருந்தால் மனத்துக்கு ஆறுதல் என்னும் ஒரே காரணத்துக்காக வைத்துக்கொள்ளும் 'உணர்வுத்துணை' விலங்கு இவ்வரையறைக்குள் வராது. நாய் செய்யும் பணி வெளிப்படையாகப் புலப்படாதபோது உணவகத்தார் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம்: இந்நாய் உடல் அல்லது மனக் குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படுகிறதா, அது எப்பணிக்குப் பயிற்றுவிக்கப்பட்டுள்ளது. சான்றிதழைக் காட்டச் சொல்வதோ வித்தையைச் செய்துகாட்டச் சொல்வதோ கூடாது. பிற விருந்தினரின் அச்சமும் ஒவ்வாமையும் அந்நாயை மறுப்பதற்குக் காரணமாகா. இருவரையும் தள்ளித்தள்ளி அமர்த்துவதே உணவகத்தின் கடமை. நாய் கட்டுக்கடங்காமல் திரிந்து, உரிமையாளர் அதனை அடக்காவிட்டால், அல்லது அது இடத்தை அசுத்தப்படுத்தும் பழக்கமுடையதாயின், வெளியேற்றலாம்.

மாற்றுத்திறனாளியைக் காகிதங்களுக்காக அலைக்கழிக்கக்கூடாது என்னும் நல்லெண்ணத்தில் விடப்பட்ட இவ்விடைவெளியில்தான் போலிகள் புகுந்தனர். 'சேவை நாய்' என்று பொறித்த மேலாடையை இணையத்தில் எவரும் வாங்கித் தம் செல்லநாய்க்கு அணிவிக்கலாம் என்றாகிவிட்டது. கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டம் அறிந்தே இவ்வாறு ஏமாற்றுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. 2022 முதல், உணர்வுத்துணை நாயை விற்போர் அதற்குச் சேவை நாயின் உரிமைகள் இல்லை என்பதை வாங்குவோருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். மேலாடை மாட்டிய செல்லநாய் இன்னொருவரின் வழிகாட்டி நாயைப் பார்த்துக் குரைத்துப் பாயும்போது, இழப்பு நாய் விரும்பாதவருக்கு நேர்வதன்று; பல மாதப் பயிற்சி பெற்ற நாய் வெருண்டு பணிக்கு உதவாமற்போனால், அதனை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கே நேர்கிறது.

கலிஃபோர்னியாவின் 2015ஆம் ஆண்டு ஏற்பாட்டை உற்றுநோக்கினால், இச்சிக்கல்கள் பலவற்றுக்கும் அது விடை தேடியிருப்பது தெரியும். சட்டமன்ற உறுப்பினர் மாரிகோ யமாடா கொண்டுவந்த அம்மசோதா, நாயை அனுமதிக்குமாறு எந்த உணவகத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. உரிமையாளர் மறுக்கலாம், நகராட்சியும் தனி விதியால் தடுக்கலாம். நாய் உணவகத்தின் உட்புறத்தைக் கடக்காமல் வெளிப்பகுதிக்குள் வருவதற்குத் தனி வழி வேண்டும். அது கயிற்றிலோ கூண்டுப்பையிலோ கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நாற்காலியிலோ இருக்கைப்பலகையிலோ ஏறலாகாது. அவ்வெளிப்பகுதியில் உணவு தயாரித்தலும் பானங்கள் கலத்தலும் நடத்தல் ஆகாது. நாய்க்கு ஊட்டுவதாயின் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிண்ணத்திலேயே ஊட்ட வேண்டும். பணியாளர் நாயைத் தொடுவதற்கும் தடை உண்டு, தொட நேர்ந்தால் கைகழுவ வேண்டும். இவற்றை ஒரு சேரப் படிப்பவர்க்கு, விதி ஒவ்வொன்றும் மேலே சொன்ன கைவழிப் பாதையை ஏதோ ஓரிடத்தில் அறுப்பது புலனாகும். நாய்க்கும் இவற்றால் நன்மையே: வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு, சமைத்த கோழியெலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடியது என்பதை அறியாத அயல் மேசையினர் அன்போடு நீட்டும் கவளத்தைவிடத் தனிக் கிண்ணம் பாதுகாப்பானது.

இந்தியாவின் நிலை வேறு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய உரிமம், பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, விலங்குகளும் பறவைகளும் செல்லப்பிராணிகளும் உணவு நிறுவன வளாகத்துக்குள் நுழைய விடப்படலாகாது என்று பொதுப்படக் கூறுகிறது. ஆனால் பெருநகரங்களில் 'நாயோடு வரலாம்' என்று விளம்பரம் செய்யும் காபிக் கடைகள் பெருகியிருக்கின்றன. எழுத்தில் முழுத்தடையும் நடப்பில் முழு அசட்டையும் இருப்பதைவிட, கலிஃபோர்னியாவைப் போல வரம்புகட்டி அனுமதிப்பது மேல். எனினும் அம்மாநில விதியை அப்படியே பெயர்த்து நடுவதற்கும் தடை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், வெறிநாய்க்கடி நோயால் உலகில் நிகழும் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கின்றன. எச்சில் இலைத் தொட்டியைச் சுற்றி நாய்கள் திரியும் தெருவில் வளர்ந்தவருக்கு, பக்கத்து மேசையருகே நிற்கும் நாயைக் கண்டு எழும் அச்சத்தை வெறும் நாகரிகக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. தடுப்பூசிச் சான்றைப் பார்த்த பின்னரே அனுமதி என்னும் நிபந்தனை இங்கே முதல் விதியாக இருக்க வேண்டும்.

எங்கும் பேசப்படாமல் விடுபடுவோர் பரிமாறுபவர்கள். நாய் பிடிக்காத விருந்தினர் வேறு உணவகத்தைத் தேடிச் செல்லலாம். உணவக உரிமையாளர் நாய்க்கு இடமில்லை என்று பலகை மாட்டலாம். நாயைக் கண்டு அஞ்சும், அல்லது நாயால் மூச்சிரைக்கும் பணியாளருக்கு அவ்விரு வழிகளும் இல்லை. விதிகளை நிறைவேற்றும் சுமையும் அவர் தோளில்தான் விழுகிறது: சுகாதார ஆய்வாளர் ஆண்டில் சில நாட்களே வருவார், மற்ற நாட்களில் நாயை நாற்காலியிலிருந்து இறக்கச் சொல்லவும், கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கச் சொல்லவும், உட்கதவு வழியே வந்தவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டியவர் மேசைக்குத் தட்டு கொண்டுவருபவரே. அமெரிக்கப் பரிமாறுநரின் வருவாயில் பெரும்பங்கு விருந்தினர் விரும்பித் தரும் 'டிப்ஸ்' தொகையாக இருப்பதால், விதியை மீறும் விருந்தினரிடம் கடிந்து பேசும் ஒவ்வொரு முறையும் அவர் தம் கூலியையே பணயம் வைக்கிறார். நாய்க்கு இடமளிக்கும் சட்டங்கள் தண்ணீர்க் கிண்ணத்தின் தன்மை வரை நுணுகிச் சென்றிருக்கையில், நாயுள்ள பகுதியில் பணிபுரிய மறுக்கும் உரிமையைப் பரிமாறுபவருக்கு வழங்கும் ஒரு வரியையும் சேர்த்திருக்கலாம்.