வெள்ளித்திரையில் நம்ம தூத்துக்குடி



போன மாசம் பேச்சுப் போட்டிக்காக வேற மாவட்டத்துக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, "நீ எந்த ஊரு?" ன்னு கேட்டா. "தூத்துக்குடி பக்கம்" னு சொன்னேன். உடனே அவ, "ஐயோ! உங்க ஊர்ல எல்லார் வீட்லயும் வெட்டரிவாள் இருக்குமாமே? படத்துல பார்த்திருக்கேன்" ன்னா. சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா திரும்பி பஸ்ல வரும்போது அழுகையா வந்துச்சு. எங்க வீட்ல இருக்கிறது மீன் அறுக்கிற அருவாமனை ஒண்ணே ஒண்ணுதான்!

சினிமான்னா எனக்கு உயிர். பழசு, புதுசு எதையும் விட மாட்டேன். அந்தச் சினிமாவாலயே எனக்கு அவமானமாப் போச்சு. அன்னிக்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாத பதிலைத்தான் இந்தக் கட்டுரையில எழுதியிருக்கேன். பொறுமையாகப் படியுங்கள்.

படம் எப்படி ஓடுகிறது?

முதலில் ஒரு கணக்கு. திரையில ஆள் நடக்கிற மாதிரி தெரியுது இல்லையா? உண்மையில அங்க எதுவும் நடக்கல. அசையாத போட்டோக்கள்தான் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வருது. ஒரு செகண்டுக்கு 24 போட்டோ. அவ்வளவு வேகமா வரும்போது நம்ம கண்ணும் மூளையும் அதைத் தனித்தனியாப் பிரிக்க முடியாம ஒரே அசைவா எடுத்துக்குது.

அப்போ இரண்டரை மணி நேரப் படத்துக்கு எத்தனை போட்டோ? 150 நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு 60 செகண்டு, ஒரு செகண்டுக்கு 24. பெருக்கிப் பாருங்க. 2,16,000 போட்டோ! முன்னால ஃபிலிம் சுருள் இருந்த காலத்துல ஒரு அடி ஃபிலிம்ல 16 போட்டோ இருக்கும். 1000 அடி கொண்ட ஒரு ரீல் சுமார் 11 நிமிஷம்தான் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்தோட ஃபிலிமை நீட்டினா 13,500 அடி. அதாவது நாலு கிலோமீட்டருக்கும் மேல! இப்போ ஃபிலிம் பெட்டி எல்லாம் போய், படம் கம்ப்யூட்டர் ஃபைலா தியேட்டருக்கு வருது.

இதை ஏன் சொல்றேன்னா, இத்தனை லட்சம் போட்டோவுல எதைக் காட்டணும், எதை விடணும்னு முடிவு பண்றது எடுக்கிறவங்க கையில இருக்கு. அரிவாளைக் காட்டினா ஊரே அரிவாளாத் தெரியும். உப்பளத்தைக் காட்டினா உப்பளமாத் தெரியும்.

உங்களுக்குத் தெரியுமா?

தமிழ் நாடகத்துக்குத் தலைமை ஆசிரியர்னு சொல்லப்படுற சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்தது நம்ம தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில். அவரு வளர்த்த மாதிரியான நாடகக் கம்பெனிகள்ல இருந்துதான் ஆரம்பகாலச் சினிமாவுக்கு நடிகர்கள் நிறையப் போனாங்க. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல்.

ஆடிப் பாடிச் சிரிக்க வைத்த ஜே.பி. சந்திரபாபு 1927-ல் பிறந்ததும் தூத்துக்குடியில்தான். 'ஜே.பி.' ன்னா என்ன தெரியுமா? ஜோசப் பனிமயதாஸ்! நம்ம பனிமய மாதா பேருதான் அவரு பேருக்குள்ள இருக்கு. இதை எங்க ஆச்சிகிட்ட சொன்னதும், "அப்படியாட்டி! நம்ம மாதா பிள்ளையா அவரு!" ன்னு கன்னத்துல கை வச்சாங்க.

பழைய படம்: கப்பலோட்டிய தமிழன்

நம்ம துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயரை 2011-ல் வைத்தார்கள். அவர் கதையைப் பாடத்துல படிச்சிருக்கோம். ஒட்டப்பிடாரத்துல 1872-ல் பிறந்து, 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, 'காலியா', 'லாவோ' ன்னு இரண்டு கப்பல் வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? டிக்கெட் விலையைக் குறைச்சான். அப்புறம் சும்மாவே ஏத்திக்கிறேன், குடையும் தாரேன்னான். 1908-ல் வ.உ.சி.யைக் கைது செய்து ஜெயில்ல போட்டாங்க. கோயம்புத்தூர் ஜெயில்ல அவரைச் செக்கு இழுக்க வச்சாங்க. 1912-ல் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

இந்தக் கதையை பி.ஆர்.பந்துலு 1961-ல் படமாக எடுத்தார். சிவாஜி கணேசன்தான் வ.உ.சி. எஸ்.வி.சுப்பையா பாரதியார். டி.கே.சண்முகம் சுப்பிரமணிய சிவா. ம.பொ.சி. எழுதிய புத்தகத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். பாரதியார் பாட்டுகளுக்கு ஜி.ராமநாதன் இசை.

இரண்டு வருஷம் முன்னால இதே பந்துலுவும் சிவாஜியும் எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-ல் ஓடு ஓடுன்னு ஓடுச்சு. அதுவும் நம்ம பாஞ்சாலங்குறிச்சிக் கதைதான். ஆனா 'கப்பலோட்டிய தமிழன்' ஓடல! தேசிய விருது கிடைச்சும் வசூல் இல்லை.

ஏன் ஓடலன்னு நான் ரொம்ப யோசிச்சேன். கட்டபொம்மன் படத்துல வீர வசனம் இருக்கு, குதிரை இருக்கு, சண்டை இருக்கு. இந்தப் படத்துல ஒரு பெரிய மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் இழக்குறார். செக்கு இழுக்கிற இடத்துல நான் கண்ணை மூடிக்கிட்டேன். கஷ்டத்தைக் காசு குடுத்துப் பார்க்க அன்னிக்கு ஜனங்களுக்கு மனசு வரலையோ என்னமோ.

அவர் கப்பல் விட்டபோதும் ஆதரவு நிலைக்கல. அவரைப் பற்றிப் படம் விட்டபோதும் கூட்டம் வரல. ஆனா இன்னிக்குச் சுதந்திர தினம்னா டி.வி.யில அந்தப் படம்தான். அறுபது வருஷத்துக்கு அப்புறமும் ஒன்பதாப்புப் படிக்கிற நான் அதைப் பார்த்து அழுறேன். அப்போ அது தோத்த படமா, ஜெயிச்ச படமா? நீங்களே சொல்லுங்க.

முத்தும் ஒரு பாட்டும்

1967-ல் கே.பாலசந்தர் எடுத்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்துல நாகேஷ் இரட்டை வேஷம். அதுல ஒருத்தர் தூத்துக்குடிக்காரர். நம்ம பேச்சுலயே முத்துக்குளிக்கக் கூப்பிடுற ஒரு பாட்டு இருக்கு. பாடினது டி.எம்.சௌந்தரராஜனும் எல்.ஆர்.ஈஸ்வரியும். நாம பேசுற பேச்சு அப்படியே ரேடியோவுல வர்றதைக் கேட்டு அந்தக் காலத்துல ஊரே சந்தோஷப்பட்டுச்சுன்னு ஆச்சி சொல்லுவாங்க.

எங்க தாத்தா சங்கு குளிக்கப் போனவங்க. அவங்க அப்பா முத்து குளிச்சவங்க. அந்தப் பாட்டு வந்தா தாத்தா சிரிப்பாங்க. "முத்து குளிக்கிறவனுக்கு ஆடிப் பாட நேரம் ஏதுட்டி? மூச்சு விடவே நேரம் கிடையாது" ம்பாங்க.

முத்துக்குளிப்பு எப்படின்னா, கயித்துல கட்டின கல்லை மிதிச்சுக்கிட்டு ஒருத்தர் கடலுக்கு அடியில வேகமா இறங்குவார். மூச்சை அடக்கிக்கிட்டு, ஒரு நிமிஷம் போல, கைக்கு அகப்பட்ட சிப்பியை எல்லாம் பையில அள்ளிப் போடுவார். கயித்தை ஆட்டினதும் மேல வள்ளத்துல இருக்கிறவர் இழுப்பார். அந்த ஆள் மேல உயிரையே வச்சிருக்கணும். அதனால மச்சினன் மாதிரி சொந்தக்காரங்களைத்தான் கயிறு பிடிக்க விடுவாங்களாம்.

மன்னார் வளைகுடாவுல நம்ம கரையில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 'கப்பலோட்டிய தமிழன்' வந்த அதே வருஷம்! அதாவது நாகேஷ் பாட்டு வந்தபோதே இங்க முத்துக்குளிப்பு நின்னு போயிருந்துச்சு. நிஜம் முடிஞ்ச பிறகும் பாட்டு மட்டும் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா அந்தக் கயிறு பிடிச்ச கையை யாரும் படம் எடுக்கல. எடுத்திருந்தா எங்க பூட்டன் எப்படி முங்குனாங்கன்னு நான் பார்த்திருப்பேன்.

'கல்ட் படம்' என்றால் என்ன?

சினிமா பைத்தியங்கள் (என்னைப் போல!) அடிக்கடி சொல்ற வார்த்தை இது. வந்தபோது ஊரே கொண்டாடாம, பிறகு ஒரு சின்னக் கூட்டம் மட்டும் விடாமப் பிடிச்சுக்கிட்டு, பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் "அதைப் பார்த்தியா, பார்த்தியா" ன்னு சொல்லிச் சொல்லியே வாழ வைக்கிற படம்தான் கல்ட் படம்.

எனக்கு அப்படி ஒரு படம் 'இயற்கை'. 2003-ல் வந்தது. எஸ்.பி.ஜனநாதனுக்கு அதுதான் முதல் படம். ஷாம், ராதிகா, அருண் விஜய் நடிச்சது. ஒரு துறைமுக ஊர்ல ஒரு பொண்ணு, கடலுக்குப் போன ஒரு கப்பல் கேப்டனுக்காகக் காத்திருக்கா. அவளை நேசிக்கிற இன்னொரு மாலுமி அவகூடவே நிக்கிறான். அவ்வளவுதான் கதை. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி எழுதிய 'வெண்ணிற இரவுகள்' கதையைத் தழுவியது. எங்கேயோ குளிர் நாட்டுல எழுதின கதை நம்ம கடற்கரைக்கு எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்க! சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்குச்சு.

எனக்கு ஏன் பிடிக்கும்னா, காத்திருக்கிறது எங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போனவங்க வரத் தாமதமானா ஆச்சி வாசல்லயே நிப்பாங்க. காபி ஆறிப் போகும். யாரும் எதுவும் பேச மாட்டாங்க. அதை அப்படியே திரையில பார்த்தேன். அதுல அரிவாள் இல்லை.

புதிய படம்: வாழை

நம்ம மாவட்டத்துப் புளியங்குளத்துல பிறந்தவர் மாரி செல்வராஜ். 'பரியேறும் பெருமாள்' (2018), 'கர்ணன்' (2021) எடுத்தவர். மணத்தி கணேசன்ங்கிற நம்ம பக்கத்துக் கபடி வீரர் வாழ்க்கையை ஒட்டி 2025-ல் 'பைசன்' எடுத்தார். அவர் சின்ன வயசு அனுபவத்தை வச்சு 2024 ஆகஸ்டுல வந்தது 'வாழை'. பள்ளிக்கூடத்துல நல்லாப் படிக்கிற ஒரு பையன். வீட்டுக் கடனுக்காக லீவு நாள்ல வாழைத்தார் சுமக்கணும். அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும், டீச்சரைப் பிடிக்கும். தார் சுமக்கப் பிடிக்காது. கடைசியில என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

இந்தப் படத்தை மாமா போன்ல அம்மாவோட சேர்ந்து பார்த்தேன். அம்மாவுக்குச் சினிமாவே பிடிக்காது. "படம் பார்த்தா படிப்பு வராது" ன்னு தினமும் திட்டு விழும். அம்மா உப்பளத்துல வேலை பார்க்கிறாங்க. இந்தியாவுல குஜராத்துக்கு அடுத்து அதிகமா உப்பு விளையுறது நம்ம தமிழ்நாட்டுல. அதுல பெரும் பங்கு தூத்துக்குடி உப்பு. ஆனா அந்த வெயிலும், வெள்ளையா அடிக்கிற கண் கூச்சமும் குழம்பு வைக்கிறவங்களுக்குத் தெரியாது.

படம் முடிஞ்சதும் அம்மா எழும்பிப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னாங்க: "நானும் ஏழாப்பு லீவுலதான் உப்பளத்துக்குப் போனேன். லீவு முடிஞ்சுது. நான் திரும்பிப் பள்ளிக்கூடம் போகல."

பதினாலு வருஷமா அம்மாகூட இருக்கேன். எனக்கு இது தெரியாது. ஒரு படம் சொல்ல வச்சுது.

அப்போ அரிவாள் படங்கள்?

அந்தப் படங்களை நான் வெறுக்கல. உண்மையைச் சொல்லணும்னா, ஹரி எடுத்த 'சிங்கம்' (2010) படத்தை நான் நாலு தடவை பார்த்திருக்கேன். துரைசிங்கம் கை ஓங்கினா எனக்கும் விசில் அடிக்கத் தோணும். சண்டைப் படம் சந்தோஷத்துக்கு. தப்பில்லை. ஆனா ஒரு ஊரைப் பற்றி ஒரே மாதிரிப் படத்தை மட்டும் பார்த்துட்டு, ஊரே இப்படித்தான்னு நினைக்கிறதுதான் தப்பு. கடலை ஒரு குவளையில மொண்டு பார்த்துட்டு, கடல் இவ்வளவுதான்னு சொல்ற மாதிரி.

அந்தப் பிள்ளையை மறுபடி பார்த்தா நான் கோபப்பட மாட்டேன். "இந்த மூணு படத்தையும் பாரு, அப்புறம் எங்க வீட்டுக்கு வா. மீன் குழம்பும் மக்ரூனும் தாரேன்" னு சொல்லுவேன்.

தோழர் தோழியரே, உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுக்குப் போய், உங்க தாத்தா, ஆச்சி, அம்மா, அப்பாகிட்ட "நீங்க எந்தப் படத்துக்கு அழுதீங்க? ஏன்?" ன்னு கேளுங்க. படக்கதையைச் சொல்ல ஆரம்பிச்சு, அவங்க சொந்தக் கதையில வந்து முடிப்பாங்க. அதை ஒரு துண்டுத் தாள்ல எழுதித் தமிழ் டீச்சர்கிட்ட குடுங்க. அடுத்த இதழ்ல ஒட்டுவோம். படம் எடுக்காத கதைகள் நம்ம ஊர்ல நிறைய இருக்கு. முதல்ல நாம எழுதி வைப்போம்.

பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி