கடற்காற்றும் காரின் மேற்பூச்சும்

கல்முனைக் கரையில் தோணி வைத்திருப்பவர் எவரும் அடிப்பலகையில் மயிரிழை வெடிப்பைக் கண்டபின் அதை அப்படியே கடலில் இறக்கத் துணியமாட்டார். அதற்காகத் தோணி முழுவதையும் பிரித்துப் போடவும் மாட்டார். வெடித்த இடத்தை மாத்திரம் அடைத்துக்கொண்டு தொழிலுக்குப் போவார். ஆனால், புதிதாக வாங்கிய காரின் முகப்பில் கடுகளவு வர்ணம் பெயர்ந்திருக்கக் கண்டவர்கள் இந்த நிதானத்தை இழந்துவிடுகின்றனர். ஒரு சாரார் பதறிப்போய் முழு வண்டிக்கும் புதுப்பூச்சு அடிக்க ஓடுகின்றனர். மற்றொரு சாரார் இதில் என்ன இருக்கிறது என்று வாளாவிருந்து விடுகின்றனர். இரண்டுமே பணத்துக்குக் கேடு.

பணமோ சிறிதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன்பின் வந்த கார்கள் கடும் வரியைச் சுமந்தே வந்தன. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களில், வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்காக உழைத்த சேமிப்பே பல வீடுகளின் வாசலில் காராக நிற்கின்றது. அதன் மேனியில் விழும் புள்ளியை அறிந்து நடத்துதல் அவசியமாகும்.

காரின் பூச்சு ஒரே படையன்று. உருக்குத் தகட்டின்மீது முதலில் பொசுபேற்றுப் படிவு உண்டாக்கப்படுகின்றது. அதன்மேல், தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் அடிப்பூச்சும், அடுத்து இடைப்பூச்சும், பின்னர் நிறப்பூச்சும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற பளபளப்புப் பூச்சும் அமைகின்றன. இவையனைத்தும் சேர்ந்த கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரையிலேயே இருக்கும். அதாவது, ஒரு மில்லிமீற்றரின் ஆறிலொரு பங்குக்கும் குறைவு. முற்காலத்தில் தூரிகையால் பூசிய வார்னிசு உலர வாரக்கணக்காயிற்று. 1920களில் ‘டூக்கோ’ எனும் விரைந்துலரும் பூச்சு வந்தபின்னரே பலநிறக் கார்கள் பெருந்தொகையாக வெளிவரலாயின. இன்று தொழிற்சாலையில் இப்பூச்சுகள் 140 பாகை செல்சியசு அளவிலும் அதற்கு மேலும் சூடாக்கி இறுக்கப்படுகின்றன. ஊர்க் கராஜில் இவ்வளவு வெப்பம் கொடுத்தல் இயலாது. ஆகவே, ஒரு புள்ளிக்காக நல்ல மூலப்பூச்சைச் சுரண்டி எறிவது, உறுதியானதைக் கொடுத்து மென்மையானதை வாங்குவதாகும்.

அப்படியாயின் புள்ளியை விட்டுவிடலாமோ? இக்கரையில் விடலாகாது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். உப்பு அந்நீரை மின்கடத்தும் திரவமாக்கித் துருவேறுதலை விரைவுபடுத்துகின்றது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது கறியுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். வீட்டு உப்புச்சாடியில் யாவரும் கண்டதே இது. கடலை அண்டிய ஊர்களில் இரவுக்காற்று இவ்வெல்லையை எளிதில் கடக்கும். எனவே, மழை பெய்யாத நாளிலும் காரின்மீது படிந்த உப்புத்தூள் ஈரமாகவே இருக்கும். மேலும், துரு தான் உண்ட இரும்பைவிடக் கூடிய இடத்தை அடைத்துக்கொள்வதால், அருகிலுள்ள நல்ல பூச்சையும் உள்ளிருந்து நெம்பித் தூக்கிவிடும். புள்ளி கொப்புளமாவது இவ்வாறுதான். தகட்டில் நாகமுலாம் இருப்பின் அது தன்னை அழித்து இரும்பைச் சிலகாலம் காக்கும். ஆயினும் அது என்றைக்குமான காவலன்று.

புள்ளியைக் கண்டதும் அது எவ்வாறு வந்தது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். முன்மூடியிலும் சக்கரங்களின் பின்புறத்திலும் காணும் சிறு வடுக்கள் பெரும்பாலும் வீதிக்கல் தெறித்தவை. ஆனால், பெயர்ந்த இடத்தில் பல படைகள் தடிப்பாகத் தெரிந்தாலோ, பசை போன்ற நிரப்புப்பொருள் காணப்பட்டாலோ, அவ்வண்டி முன்பு விபத்துக்குள்ளாகிப் பூசி மறைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். பூச்சின் கனம் அளக்கும் கருவி ஓரிடத்தில் மாத்திரம் இரு மடங்கு, மும்மடங்கு காட்டினால் ஐயம் வலுப்படும். யப்பானிய ஏல அறிக்கையில் ‘ஆர்’ என்னும் தரம் திருத்தப்பட்ட வண்டியையும், ‘டபிள்யூ’ என்னும் குறி திருத்திய தகட்டையும், ‘எக்ஸ்எக்ஸ்’ மாற்றிய பாகத்தையும் சுட்டுவன. இந்த அறிக்கையின் மூலப்பிரதியைக் கேட்டுப் பார்த்தல் நன்று.

நனைந்த தானியத்தை உலர்ந்ததன் அடியில் மறைத்து விற்றவரை நபிகள் நாயகம் கண்டித்த வரலாறு இவ்வூர்களில் சிறுவரும் அறிந்ததே. நாட்டுச் சட்டமும் இதைக் கவனித்திருக்கின்றது. ஆனால், 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருப்பின், அப்பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்குப் பின்னர் விற்றவர்மேல் பழிசுமத்தல் கடினம். ஆகவே, பகல் வெளிச்சத்தில், கழுவிய வண்டியைச் சுற்றிப் பார்த்து, கண்ட குறைகளை எழுத்தில் பெற்று, படமும் எடுத்துக்கொண்ட பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். ஏமாற்றப்பட்டவர் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம்.

கல் தெறித்த வடுவானால் வைத்தியம் எளிது. முன்பம்பர் பிளாத்திக்காதலால் அது துருப்பிடியாது. அங்குள்ள புள்ளி அழகுக்குறை மாத்திரமே. தகட்டில் சாம்பல் நிறம் தெரிந்தால் அடிப்பூச்சு எஞ்சியிருக்கலாம். உலோகத்தின் பளபளப்போ செந்நிறமோ தெரிந்தால் தாமதம் கூடாது. உவர்க்கிணற்று நீரைத் தவிர்த்து நன்னீரால் கழுவி உலர்த்துக. துருவிருப்பின் நுண்ணிய அரத்தாளால் புள்ளிக்குள் மட்டும் தேய்த்து, மதுசாரத்தால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குக. பின்னர் மெல்லிய தூரிகை நுனியால் அடிப்பூச்சும், அது உலர்ந்தபின் நிறப்பூச்சும், இறுதியில் பளபளப்புப் பூச்சும் மெல்லிய படைகளாக இடுக. நிறத்தின் இலக்கம் கதவோரத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். கொளுத்தும் வெயிலும், பனிவிழும் அந்தியும், கச்சான் காற்றுப் புழுதி வாரும் வேளையும் இவ்வேலைக்கு ஆகா. காலை நிழலே உகந்தது. பூச்சு வந்துசேரும் வரை, சுத்தஞ்செய்த வடுவின்மீது பெண்கள் இடும் நிறமற்ற நகப்பூச்சில் ஒரு துளி வைத்தாலும் காற்றும் உப்பும் சிலநாள் தடுக்கப்படும்.

இதனால் வடு முற்றாக மறைந்துவிடாது. அருகில் நின்று உற்றுப் பார்ப்பவருக்குத் தெரியத்தான் செய்யும். ஆனால் துரு உள்ளே புகாது. கார் பார்வைக்காக மட்டும் வாங்கப்பட்டதன்று. பல்லாண்டு குடும்பத்தைச் சுமக்கவேண்டியது. அடைக்கப்பட்ட வெடிப்புடன் தோணி கடல் போய் மீள்வதுபோல், காக்கப்பட்ட வடுவுடன் காரும் நெடுங்காலம் ஓடும்.