28 பேரா, 100 பேரா? மாஸ்கோவைக் காத்த 'பான்ஃபிலோவ் வீரர்கள்' கதையில் எது நிஜம்?

1941 நவம்பர் 16. மாஸ்கோவை நோக்கி ஜெர்மன் டாங்கிகள் வருகின்றன. துபோசெகோவோ அருகே ஜெனரல் பான்ஃபிலோவின் படையைச் சேர்ந்த 28 பேர் மட்டும் தடுத்து நின்று, 18 டாங்கிகளை அழித்துவிட்டு, ஒருவர்கூட மிஞ்சாமல் உயிர்விட்டார்கள். ரஷ்யப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த கதை இது.

கதையைப் பரப்பியது ராணுவ நாளிதழ் 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா'. 1942 ஜூலையில் 28 பேருக்கும் 'சோவியத் யூனியன் நாயகர்' பட்டமும் கொடுத்தாச்சு.

சிக்கல் எங்கே வந்தது?

ஜெர்மானியர்களிடம் போலீஸ் வேலை பார்த்த குற்றச்சாட்டில் 1947-ல் இவான் தோப்ரோபாபின் கைதானார். பார்த்தால், அந்த 28-ல் அவர் பெயரும் இருக்கு! 'இறந்தவர்' உயிரோடு இருக்கிறார் என்றால், மீதிக் கதை? ராணுவ வழக்கறிஞர்கள் தோண்டியதில், இன்னும் சிலர் உயிர் தப்பியதும் தெரிந்தது. பத்திரிகையில் வந்தது கற்பனை என்று 1948-ல் அறிக்கை தந்தார்கள். அது ரகசியமாகவே கிடந்தது.

2015-ல்தான் ரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் அதை இணையத்தில் வெளியிட்டது. கலாசார அமைச்சர் மெதின்ஸ்கி கொந்தளித்தார். 2016-ல் காப்பக இயக்குநர் பொறுப்பிலிருந்து செர்கெய் மிரோனென்கோ மாற்றப்பட்டார்.

அப்போ சண்டையே நடக்கலையா?

நடந்தது. அங்கே போரிட்டது ஒரு முழு கம்பெனி. அதில் இறந்தவர்கள் 28 பேர் அல்ல, 100-க்கும் மேல் என்று ரெஜிமென்ட் தளபதி கப்ரோவ் விசாரணையில் சொன்னார். ஆக, திருத்தம் யாருடைய வீரத்தையும் குறைக்கவில்லை. '28' என்ற எண்தான் மற்றவர்களை மறைத்து வைத்திருந்தது.